குழந்தையைப் பார்க்கச் சொன்னவர்

சிசேரியன் அறுவைக்கு முன் தாயின் முதுகுத்தண்டில் ஊசி வழியே மயக்க மருந்து செலுத்துகிறார்கள். சில நிமிடங்களில் வயிறும் கால்களும் மரத்துப்போகின்றன. கூடவே இரத்தக் குழாய்கள் தளர்ந்து இரத்த அழுத்தமும் சரிகிறது. தாய்க்குக் குமட்டல், தலைசுற்றல். கருப்பைக்குச் செல்லும் இரத்தம் தாயின் அழுத்தத்தையே நம்பியிருப்பதால், சரிவு நீடித்தால் குழந்தைக்குப் பிராணவாயு குறையும். அழுத்தத்தை மீட்கக் கொடுக்கும் மருந்து குழந்தையை என்ன செய்கிறது? இந்தக் கேள்விக்கு வழியமைத்தவர் வர்ஜீனியா அப்கார்.

1909-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்த அவர், 1933-இல் கொலம்பியாவில் மருத்துவப் பட்டம் பெற்றார். அறுவை மருத்துவராகவே விரும்பினார். அது பொருளாதாரப் பெருமந்தக் காலம்; அத்துறையில் ஒரு பெண் பிழைப்பது அரிது என்று கருதிய பேராசிரியர் ஆலன் விப்பிள் அவரை மயக்கவியலுக்குத் திருப்பினார். அப்பிரிவை 1938 முதல் கட்டி வளர்த்தவர் அப்கார். 1949-இல் அது தனித்துறையானபோது தலைமை ஓர் ஆணுக்குப் போயிற்று. அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அந்த மருத்துவக் கல்லூரியில் அந்நிலையை எட்டிய முதல் பெண் அவர். பிறகு பிரசவ அறைப் பக்கம் திரும்பினார்.

அங்கே எல்லார் கண்ணும் தாய்மீதே இருந்தது. பிறந்த குழந்தையின் நிலையை ஒரே சீராகப் பதியும் வழக்கம் இல்லை. இதயத் துடிப்பு, மூச்சு, தசை முறுக்கு, தூண்டலுக்கு எதிர்வினை, தோல் நிறம் ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண். பிறந்த ஒரு நிமிடத்தில் கூட்டிச் சொல்ல வேண்டும். 1953-இல் வெளியான இம்முறைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. எண்களோடு காலம் கழித்த பொருளியல்காரனாகிய எனக்கு, இவ்வளவு மலிவான, பயனுள்ள குறியீடு வேறொன்று நினைவுக்கு வரவில்லை.

அவர் அதோடு நிற்கவில்லை. டங்கன் ஹாலடே, ஸ்டான்லி ஜேம்ஸ் ஆகியோருடன் தொப்புள்கொடி இரத்தத்தின் அமிலத்தன்மையையும் அளந்தார். 1974-இல் அவர் மறைந்த பின்னரே இதன் முழுப் பயன் தெரிந்தது. ஆடுகளில் நடந்த சோதனைகளை நம்பி, சரிந்த அழுத்தத்தை மீட்க எபிட்ரின் மருந்தையே மருத்துவர்கள் நெடுங்காலம் விரும்பினர். தாயின் அழுத்தம் மீண்டது; குழந்தையின் அப்கார் மதிப்பெண்ணும் பெரும்பாலும் குறையவில்லை. ஆனால் அம்மருந்து நச்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடைகிறது என்பதையும், அதன் இரத்தத்தில் அமிலம் கூடுகிறது என்பதையும் தொப்புள்கொடி இரத்தம் காட்டிக்கொடுத்தது. பினைலெப்ரின் முன்னுக்கு வந்தது அதன் பிறகுதான்.