செய்யுளுக்குக் கூடாரம் அமைத்த இமாம் கலீல்

தேர்வுக்கென நாம் மனனம் செய்யும் இலக்கியக் கலைச்சொற்களுக்குப் பின்னே ஓர் அறிஞரின் வாழ்நாள் உழைப்பே அடங்கியிருக்கக் கூடும். அரபு யாப்பிலக்கணத்தின் தந்தையாகிய இமாம் கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) அவர்களின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

ஏறத்தாழ கி.பி. 718இல் ஓமானில் பிறந்த அன்னார், பஸ்ரா நகரில் கற்று அங்கேயே கற்பித்தார்கள். இலக்கண மேதை ஸீபவைஹி அவர்தம் மாணவராவார். செவிவழியே வாழ்ந்த அரபுக் கவிதையின் ஓசைகளை ஆராய்ந்து 15 சந்தங்களாக வகுத்தார்கள். கலைச்சொற்களைப் பாலைவனக் கூடாரமே தந்தது. செய்யுள் 'பைத்', அதாவது இல்லம். அதன் பாதி 'மிஸ்ராஃ', கதவின் ஒரு பக்கம். ஓசைக் கூறுகள் 'ஸபப்' எனும் கயிறும் 'வதத்' எனும் முளையும். கயிறு நெகிழ்வது போன்று ஸபபில் மாற்றம் நிகழும்; முளையோ பெரும்பாலும் அசையாது. பெயரே இலக்கணத்தைக் கற்பித்துவிடுகிறது! தமிழிலும் சீர்களைப் பிணைப்பது 'தளை' அன்றோ?

அரபியின் முதல் அகராதியெனப் போற்றப்படும் 'கிதாபுல் ஐன்' நூலைத் தொண்டையில் பிறக்கும் எழுத்திலிருந்து தொடங்கி அமைத்தவர்களும் அன்னாரே.

இத்தகு பேரறிஞர், ஆளுநர் ஒருவரின் அழைப்பையும் மறுத்து, நாணற்குடிசையில் காய்ந்த ரொட்டியுடன் நிறைவு கண்டார்கள் என்பர். சிந்தனையில் ஆழ்ந்தவாறு பள்ளிவாசலுள் நடக்கையில் தூணில் மோதியதே 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்கள் வஃபாத்தாகக் காரணமாயிற்று என்றும் கூறுவர்.

செல்வம் சேர்த்தோர் பலர் மறக்கப்பட்டனர். சொல் சேர்த்த கலீல் நிலைத்துள்ளார்கள். மாணவச் செல்வங்களே, கலைச்சொல்லைப் பொருளுணர்ந்து கற்போமாக!