பருத்திக்காட்டிலிருந்து வானத்துக்குப் போன பெஸ்ஸி கோல்மேன்



நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஒரு பெண் சாதனையாளரைப் பற்றி எழுதணும்னு சொன்னாங்க. நான் விமானி பெஸ்ஸி கோல்மேனை எடுத்துக்கிட்டேன். விமானம் ஓட்டினவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு நினைக்கலாம். இந்தம்மா பருத்தி எடுத்தவர், துணி வெளுத்துக் கொடுத்தவர், காசு காசா சேர்த்தவர். அதனால நமக்கு ரொம்ப வேண்டியவர்னுதான் எனக்குத் தோணுது.

பெஸ்ஸி 1892-ஆம் வருடம் ஜனவரி 26-ஆம் தேதி அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தார். கறுப்பினக் குடும்பம். வீடு நிறையப் பிள்ளைகள். அந்தக் காலத்தில் அங்கே கறுப்பின மக்களுக்குப் பள்ளிக்கூடம் தனி, ரயிலில் பெட்டி தனி. அப்பா ஜார்ஜ் செவ்விந்திய வம்சமும் கலந்தவர். டெக்சாஸில் மரியாதையாப் பிழைக்க முடியாதுன்னு 1901-இல் வேறு பகுதிக்குப் போயிட்டார். அம்மா சூசன் கூடப் போகவில்லை. பிள்ளைகளோடு வாக்ஸஹாச்சி என்ற ஊரிலேயே இருந்துவிட்டார். அப்போ பெஸ்ஸிக்கு ஒன்பது வயசு.

சூசன் வெள்ளைக்காரர் வீட்டில் வேலைக்குப் போவார். சின்னத் தங்கச்சிகளைப் பெஸ்ஸி பார்த்துக்கொள்வார். பள்ளிக்கூடத்துக்கு ஆறு கிலோமீட்டருக்கு மேல நடை. பருத்தி வெடித்துவிட்டால் பள்ளிக்கூடம் மூடிவிடும், எல்லாப் பிள்ளைகளும் காட்டுக்குப் போயிடணும். பெஸ்ஸிக்குப் பருத்தி எடுக்கிறதில் கை வேகம் கிடையாது. ஆனால் கணக்கில் கெட்டி. மூட்டை எடை போடும்போது தராசுப் பக்கத்தில் நின்று கணக்கைச் சரிபார்க்கிறது அவர்தான். மேஸ்திரி பார்க்காத நேரம் தராசில் லேசாகக் காலை வைத்து அழுத்துவார் என்று அவங்க குடும்பத்தில் ஒரு கதை சொல்வார்கள். எடை போடுகிற இடத்தில் ஏமாந்த அனுபவம் உள்ளவங்களுக்கு அது புரியும்.

சூசனுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தும் வண்டியில் வருகிற நூலகத்திலிருந்து புத்தகம் வாங்கித் தருவார். ராத்திரி பெஸ்ஸி சத்தமாகப் படிக்க, வீட்டில் எல்லோரும் கேட்பார்கள். துணி வெளுத்த காசில் தன் பங்கைச் சேர்த்துக்கொள்ள மகளுக்கு அனுமதி கொடுத்தார். அந்தச் சேமிப்பை வைத்து 1910-இல் பெஸ்ஸி ஓக்லஹோமாவில் லாங்ஸ்டன் என்ற ஊரில் உள்ள கல்லூரிக்குப் போனார். ஒரு பருவம்தான். காசு தீர்ந்ததும் திரும்ப ஊருக்கு வந்து, திரும்ப அதே துணிமூட்டை.

1915-இல், 23 வயதில், அண்ணன்மார் இருந்த சிகாகோ நகரத்துக்குப் போனார். முடிதிருத்தும் கடை ஒன்றில் வாடிக்கையாளர்களின் கைவிரல் நகங்களைத் திருத்தி அழகு செய்யும் வேலை. பிறகு அம்மாவும் தங்கச்சிகளும் அங்கேயே வந்து சேர்ந்தாங்க. அண்ணன் ஜான் முதல் உலகப் போரில் பிரான்ஸ் நாட்டுக்குப் போய்த் திரும்பியவர். அந்த நாட்டுப் பெண்கள் விமானமே ஓட்டுகிறார்கள், உங்களால முடியாது என்று தங்கச்சியைக் கேலி செய்தார். கேலியா சொன்னது பெஸ்ஸிக்கு வைராக்கியமா ஆயிடுச்சு.

அமெரிக்காவில் எந்தப் பயிற்சிப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளவில்லை. கறுப்பினம் என்பது ஒன்று, பெண் என்பது இன்னொன்று. சிகாகோ டிஃபெண்டர் என்ற கறுப்பினப் பத்திரிகையை நடத்திய ராபர்ட் அபாட்தான் வழி காட்டினார். பிரான்ஸுக்குப் போ, அதற்கு முன்னால் பிரெஞ்சு மொழி படித்துக்கொள் என்றார். பெஸ்ஸி கடை வேலையோடு ஓர் உணவகத்தையும் கவனித்துக் காசு சேர்த்தார், பிரெஞ்சு வகுப்புக்கும் போனார். அபாட்டும் வங்கி நடத்திய ஜெஸ்ஸி பிங்காவும் உதவினார்கள். 1920 நவம்பரில் கப்பல் ஏறினார்.

பிரான்ஸில் லே குரோத்வா என்ற கடலோர ஊரில் பயிற்சி. அன்றைய விமானம் என்றால் மரச்சட்டத்தில் துணி போர்த்தியது. கூடப் படித்த ஒருவர் விழுந்து இறந்ததை பெஸ்ஸி கண்ணால் பார்த்தார். பயந்து திரும்பி வரவில்லை. 1921 ஜூன் 15-ஆம் தேதி சர்வதேச விமானி உரிமம் வாங்கினார். உலகத்தில் விமானி உரிமம் வாங்கிய முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

உரிமம் வந்த பிறகு சாப்பாட்டுக்கு வழி வேணுமே. அப்போது வானத்தில் வித்தை காட்டுகிறதுதான் விமானிக்கு வருமானம். திரும்பவும் ஐரோப்பாவுக்குப் போய் அதையும் கற்றார். 1922 செப்டம்பர் 3-ஆம் தேதி நியூயார்க் பக்கம் முதல் காட்சி. அடுத்த வருடம் கலிபோர்னியாவில் அவர் வாங்கிய பழைய விமானம் விழுந்து நொறுங்கியது. கால் முறிந்தது, விலா எலும்பு முறிந்தது. எழுந்து நடக்கவே பல மாதம் ஆச்சு. அப்புறமும் பறந்தார்.

பெஸ்ஸிக்கு ஒரே லட்சியம், தன் இனத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி வைக்கணும். அதற்காகப் பள்ளிக்கூடம், தேவாலயம் என்று போய்ப் பேசினார். ஃபுளோரிடாவில் இருந்தபோது அழகு நிலையம் வைத்தும் சம்பாதித்தார். ஆனால் மரியாதையை விற்றுக் காசு வாங்கவில்லை. ஒரு சினிமாவில் நடிக்க ஒத்துக்கொண்டவர், முதல் காட்சியிலேயே கந்தல் துணியும் கையில் கோலுமாக வரணும் என்றதும், தன் இனத்தைக் கேவலமாகக் காட்ட மாட்டேன் என்று விலகிவிட்டார். வாக்ஸஹாச்சியில் காட்சி நடத்தக் கூப்பிட்டபோது வெள்ளையருக்கு ஒரு வாசல், கறுப்பினத்தவருக்கு ஒரு வாசல் என்று ஏற்பாடு. எல்லோரும் ஒரே வாசலில் வந்தால்தான் பறப்பேன் என்று நின்றார். உள்ளே உட்காருகிற இடம் தனித்தனிதான். ஆனாலும் வாசல் ஒன்றாகிவிட்டது. சின்ன வயசில் பருத்தி எடுத்த ஊரில் இதைச் செய்தார் பாருங்க.

1926-இல் டெக்சாஸில் ஒரு பழைய விமானம் வாங்கினார். மெக்கானிக் வில்லியம் வில்ஸ் அதை ஃபுளோரிடாவுக்கு ஓட்டி வரும்போதே கோளாறாகி வழியில் இறங்கி இறங்கித்தான் வந்தது. அதில் ஏற வேண்டாம் என்று வேண்டியவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஏப்ரல் 30-ஆம் தேதி ஜாக்சன்வில் நகரத்தில், மறுநாள் பாராசூட்டில் குதிக்க வேண்டிய இடத்தைப் பார்க்க வில்ஸோடு மேலே போனார். கீழே எட்டிப் பார்க்கணும் என்பதால் இடுப்புப் பட்டை போடவில்லை. விமானம் திடீரென்று தலைகீழாகப் பாய்ந்து கவிழ்ந்தது. பெஸ்ஸி வெளியே விழுந்து உயிர் விட்டார். வில்ஸும் பிழைக்கவில்லை. உள்ளே இருந்த ஒரு ஸ்பேனர் விமானத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகளில் சிக்கிக்கொண்டதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. வயசு 34.

மூன்று ஊர்களில் இறுதி மரியாதை நடந்தது. சிகாகோவில் மட்டும் சுமார் 10,000 பேர் கூடினார்கள். கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய ஐடா பி. வெல்ஸ் அம்மையார் முன்னின்று நடத்தினார். படிக்கத் தெரியாத சூசன், மகளைப் படிக்க வைத்து, உலகமே பேசுவதைப் பார்த்து, கடைசியில் மண்ணுக்கும் கொடுத்தார். அந்தத் தாயை நினைச்சா மனசு கனக்குது.

பயிற்சிப் பள்ளி? பெஸ்ஸி அதைப் பார்க்காமலேயே போயிட்டார். ஆனால் வேண்டியவர்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. 1929-இல் வில்லியம் பவல் என்பவர் லாஸ் ஏஞ்சல்ஸில் பெஸ்ஸி பெயரிலேயே விமானச் சங்கம் தொடங்கினார். 1931-இல் சிகாகோவின் கறுப்பின விமானிகள் பெஸ்ஸி கல்லறைக்கு மேலே பறந்து பூ தூவினார்கள். அதை வருஷா வருஷம் வழக்கமாகவே வைத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கத்தில் ஜேனட் பிராக் என்ற நர்ஸ், தன் சம்பளத்தில் விமானமே வாங்கினார். வில்லா பிரவுன் என்ற பெண்மணி கார்னீலியஸ் காஃபி என்பவரோடு சேர்ந்து சிகாகோவில் பயிற்சிப் பள்ளி நடத்தி நூற்றுக்கணக்கானவர்களைப் பறக்க வைத்தார். பெஸ்ஸி ஆசைப்பட்டது இப்படித்தான் நடந்தது.

தங்கை எலோயிஸ், அக்காவைப் பற்றி எல்லாம் மறந்துபோகக் கூடாதுன்னு ஒரு நினைவுப் புத்தகம் எழுதி 1969-இல் வெளியிட்டார். நமக்கு இவ்வளவு தெரிவதற்கு அந்தத் தங்கையும் ஒரு காரணம். 1992-இல் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பின அமெரிக்கப் பெண் மே ஜெமிசன், பெஸ்ஸியின் படத்தைக் கூடவே எடுத்துப் போனார். 1995-இல் தபால் தலை வந்தது. 2023-இல் அமெரிக்க நாணயத்திலும் அவர் முகம் வந்தது.

எனக்கு இதில் மனசைத் தொட்டது தபால் தலையும் நாணயமும் இல்லைங்க. ஒருத்தி பாதியில் விட்டுப்போன வேலையை மற்றவர்கள் எடுத்து முடித்ததுதான். நம்ம சங்கங்களிலும் உறுப்பினர் யாராவது காலமாகிவிட்டால் படத்துக்கு மாலை போடுகிறோம், கடன் பாக்கியைக் கணக்குப் பார்க்கிறோம். கூடவே, அவங்க என்ன செய்ய ஆசைப்பட்டாங்கன்னும் கேட்கணும். மகளைக் காலேஜில் சேர்க்கணும்னு இருந்தாங்களா, தையல் கடை வைக்கணும்னு இருந்தாங்களா? அதைத் தீர்மான நோட்டில் ஒரு வரி எழுதி, நம்மால் ஆனதைச் செய்தால், அதுவும் பூ தூவுகிற மாதிரிதான்.