கணித மேதை இராமானுஜனின் கேம்பிரிட்ஜ் வாழ்வு



சீனிவாச இராமானுஜன் 1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால், கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் பெற்ற புலமைப்பரிசிலை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் பரீட்சையிற் சித்தியடையவில்லை. 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுதுவினைஞரானார். 1913 ஜனவரியில் அவர் எழுதியனுப்பிய தேற்றங்கள் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டியை வியப்பில் ஆழ்த்தின.

1914 மார்ச் 17ஆம் நாள், குடுமியைக் களைந்து, இளம் மனைவி ஜானகியைத் தாயகத்தில் விட்டுச் சென்னையிற் கப்பலேறினார்.

திரினிற்றிக் கல்லூரியில் அவரை வருத்தியது கணிதமன்று, குளிரும் உணவுமே. இரவில் மேலங்கி அணிந்து சால்வை போர்த்தும் நடுங்கினார். கட்டிலில் இறுக விரித்திருந்த கம்பளிகளுக்குள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த மகாலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். நித்திரை எவ்வாறு என்று அவர் விசாரித்தபோதே உண்மை வெளிப்பட்டது. கம்பளியை விலக்கிப் படுக்கும் முறையை அவரே செய்து காட்டினார்.

மரக்கறி உணவில் உறுதிபூண்ட இராமானுஜன் தம் அறையில் தாமே சமைத்துண்டார். 1914 ஆகஸ்டில் உலகப்போர் மூண்டபின் ஏற்ற உணவு கிடைப்பது அரிதாயிற்று. ஆராய்ச்சியில் ஆழ்ந்து வேளை தவறி உண்பதும் வழக்கமாயிற்று. 1916இல் ஆராய்ச்சியின்மூலம் பட்டம் பெற்றார். 1917இல் நோயுற்று மருத்துவமனைகளிற் காலங்கழித்தார். 1918இல் அரச கழகத்தின் உறுப்பினராகவும் திரினிற்றிக் கல்லூரியின் முதல் இந்திய ஆய்வாளராகவும் தெரிவானபோது அவர் நோயாளி. 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் தமது 32ஆம் வயதிற் சென்னையிற் காலமானார். அந்நாளைய மருத்துவர் அந்நோயைக் காசம் என்றனர். ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர் கருத்து.

பெற்றோரே, யாழ்ப்பாணத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் இந்நகரின் பல்கலைக்கழகங்களுக்குத் தனியே வரும் பிள்ளைகள் பலர். புதுநாட்டின் முதற் குளிர்காலம் எத்தகையதென்பதை நாம் பட்டறிந்தவர்கள். அவர்களைக் கண்டால், புள்ளிகளைக் கேட்குமுன் ஊணையும் உறக்கத்தையும் விசாரிப்போம். ஒருநாளேனும் நம் வீட்டிற் சோறு உண்ண அழைப்போம்.

மாணவர்களே, நாளை நீங்களும் வில்லாவுட்டை விட்டுத் தொலைவிற் பயிலச் செல்லக்கூடும். எண்களின் மறைபொருளை உணர்ந்த மேதைக்கே கம்பளியை ஒருவர் காட்டவேண்டியிருந்தது. ஆதலால் தெரியாததைக் கேட்பது இழிவன்று. துன்பத்தை மறைத்து உடலைக் கெடுத்துக்கொள்வதே பேரிழப்பு.