மாயமும் முயற்சியும்: தாதாசாகேப் பால்கே

கஹவத்தையைச் சூழ்ந்த தோட்டங்களில் வளர்ந்த நமக்குக் காமன் கூத்துப் புதியதன்று. சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரியும் கட்டத்தில், கூத்தென்று அறிந்திருந்தும் கூடியிருப்போர் கண்கலங்குவர். அத்தகைய புராணக் காட்சிகளைத் திரையிலே உயிர்பெறச் செய்த தாதாசாகேப் பால்கேயின் வரலாற்றை இம்மலரில் நினைவுகூர விரும்புகின்றோம்.

துண்டிராஜ் கோவிந்த பால்கே 1870ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆந் திகதி, நாசிக்கை அடுத்த திரியம்பகம் என்னும் சிவத்தலத்தில், வடமொழிப் பண்டிதர் ஒருவரின் மைந்தராய்த் தோன்றினார். பம்பாய் ஜே. ஜே. ஓவியக் கல்லூரியிலும் பரோடா கலாபவனத்திலும் பயின்றார். கோத்ராவில் ஒளிப்படத் தொழில் நடத்துகையில் கொள்ளைநோய் அவர்தம் மனைவியையும் குழந்தையையும் கவர்ந்தது. பின்னர் மாயவித்தை பயின்று, தம் பெயரைத் தலைகீழாக்கிப் 'பேராசிரியர் கேல்பா' என மேடையேறினார்.

1910ஆம் ஆண்டளவில் பம்பாயில் இயேசுநாதரின் சரிதத்தைச் சலனப்படமாகக் கண்டபொழுது, நம் இராமனும் கண்ணனும் இவ்வாறு திரையில் தோன்றுவது எந்நாள் என்ற ஏக்கம் அவருள்ளத்தில் எழுந்தது. ஓயாது படம் பார்த்துச் சிலகாலம் கண்ணொளி இழந்தும் அவர் ஊக்கம் குன்றவில்லை. ஆயுட்காப்புறுதிப் பத்திரங்களை ஈடுவைத்து 1912இல் இலண்டன் சென்று கருவிகள் வாங்கிவந்தார்.

பொருளுதவுவோரை இணங்கச் செய்ய அவர் எடுத்த முதற் குறும்படம் யாது? தொட்டியில் நட்ட பட்டாணி விதை! நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம்பிடித்துச் சேர்த்தோட்ட, பல நாளில் வளர்ந்த செடி சில கணங்களில் வளர்ந்து நின்றது. பாரிசில் மாயவித்தை அரங்கு நடத்திய ஜோர்ஜ் மெலியே, 1896இலேயே பெண்ணொருத்தியைத் திரையில் மறையச் செய்திருந்தார். கருவியை நிறுத்தி, நடிகரை அகற்றி, மீண்டும் இயக்கினால், காண்போர்க்கு அவர் மறைந்தவராவார். ஒரே படச்சுருளில் இருமுறை ஒளிபதித்தால் தேவர் வெறுவெளியில் தோன்றுவர். இவ்வுத்திகளைப் பால்கே நம் புராணங்களுக்குப் பயன்படுத்தினார்.

1913ஆம் ஆண்டு மே 3ஆந் திகதி பம்பாயில் 'ராஜா ஹரிச்சந்திரா' திரையிடப்பட்டது. அதன் பின்னே நின்றவர் அவர்தம் இரண்டாம் மனைவியார் சரஸ்வதி அம்மையார். நகைகளை ஈந்தார், குழுவினர் அனைவர்க்கும் உணவு சமைத்தார், இரவில் படச்சுருளுக்குத் துளையிட்டார், வெயிலில் வெண்துணி ஏந்தி ஒளிகூட்டினார். திரையில் தோன்றாத அவ்வம்மையாரின் உழைப்பின்றி ஹரிச்சந்திரன் தோன்றியிரான்.

1917இல் 'லங்கா தகனம்' வெளிவந்தது. அதில் ஆணொருவரே இராமனாகவும் சீதையாகவும் நடித்தார். 1919இல் 'காளிய மர்த்தனம்' வந்தது. அதில் கண்ணனாக நடித்தவர் பால்கேயின் மகள் மந்தாகினி. எனினும் பேசும் படக்காலம் அவரைப் பின்தள்ளியது. 1937இல் வெளியான 'கங்காவதரணம்' அவரது இறுதிப் படம். 1944ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆந் திகதி நாசிக்கில், உலகம் பெரிதும் மறந்த நிலையில் அவர் மறைந்தார். இந்திய அரசு அவர் பெயரால் விருதை ஏற்படுத்தியது 1969இலேயாம்.

வித்தைக்காரர் தம் இரகசியத்தை மறைப்பது வழக்கம். பால்கேயோ, சலனப்படம் ஆக்கப்படும் முறையையே ஒரு படமாக எடுத்து யாவர்க்கும் காட்டினார். கற்றதை ஒளியாது பிறர்க்கு வழங்குவதே கல்வியின் பயன் என நம் ஆசிரியர்கள் உணர்த்தியதை, அவர் வாழ்விலும் காண்கின்றோம்.