அணையா அடுப்பும் அடைத்த வாசலும்: வள்ளலாரை மீண்டும் வாசித்தல்

பெரம்பலூர், அரியலூர்ப் பேருந்து நிலையங்களில் நள்ளிரவுக்குப் பின் தரையில் படுத்திருப்போரை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். ஒருவர் உணவுப் பொட்டலம் வைத்துவிட்டுப் போகிறார். இன்னொருவர் கடைவாசலில் தண்ணீரை ஊற்றி எழுப்பி விரட்டுகிறார். இரக்கமும் விரட்டலும் ஒரே ஊரின் இரு கைகளாக இயங்குகின்றன. வீடற்றவரையும் இரந்துண்பவரையும் ஒரு சமூகம் எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்ற வினாவை நம் பக்கத்து நிலத்திலேயே ஒருவர் 150 ஆண்டுகளுக்கு முன் எழுப்பினார். வெள்ளாற்றைக் கடந்து விருத்தாசலம் வழியே சென்றால் அவருடைய வடலூர் வந்துவிடும். வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகளின் வாழ்வை இவ்வினாவோடு வாசிப்பது நம் கடமை என்று கருதுகிறோம்.

1823 அக்டோபர் 5 அன்று சிதம்பரத்தை அடுத்த மருதூரில் ஊர்க் கணக்கர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தார். குடும்பம் பொன்னேரிக்கும், பின்னர் சென்னைக்கும் இடம்பெயர்ந்தது. புராணச் சொற்பொழிவால் பிழைத்த தமையனார் சபாபதியின் அரவணைப்பில் வளர்ந்தார். பள்ளிக் கல்வியில் நிலைகொள்ளாத அவர், பாடுவதிலும் வழிபாட்டிலும் இளமையைக் கழித்தார். 1850களின் இறுதியில் சென்னையை விட்டு நீங்கிக் கருங்குழியில் ஓர் அன்பரின் இல்லத்தில் தங்கினார். சொந்தமென்று ஒரு வீடு இல்லாமல் பிறர் இல்லத்தில் தங்கியே அவர் பல்லாண்டுகளைக் கழித்தார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

1865இல் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டு ஒரிசாவையும் சென்னை மாகாணத்தின் பகுதிகளையும் பெரும்பஞ்சம் வாட்டியது. 1867 மே 23 அன்று வடலூரில் தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அதற்கான 80 காணி நிலத்தைப் பார்வதிபுரத்து மக்கள் வழங்கினர். இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 106 ஏக்கர். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் காக்கப்படுகிறது. அரசாணையோ நன்கொடையாளர் பெயர்ப்பலகையோ இன்றி ஓர் ஊர் பசிக்கு அளித்த மறுமொழி அது.

அச்சாலையின் சிறப்பு சோற்றில் மட்டும் இல்லை. வருவோரிடம் சாதி, மதம், ஊர் கேட்கலாகாது என்ற விதியிலும் இருக்கிறது. யாருடன் உண்பது என்பதே சாதியின் எல்லைக்கோடாக இருந்த காலத்தில் இது சிறு செயல் அன்று. சீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில் அவர் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். ஏழை பசித்திருப்பது முன்வினைப் பயன், அதில் குறுக்கிடுவது இறைவன் கட்டளைக்கு மாறானது என்ற வாதத்தை அவர் மறுக்கிறார். பெருங்குற்றம் செய்து சிறைப்பட்டவனுக்கும் அரசன் உணவளிக்கிறான் என்பது அவர் காட்டும் நியாயம். வினைக் கோட்பாட்டை அவர் முற்றிலும் கைவிட்டாரென்று நாம் கூறவில்லை. ஆனால் அதைப் பட்டினிக்குச் சாக்காக்க அவர் இடந்தரவில்லை. கேட்க நாணி வாய்மூடிப் பசித்திருப்போரின் துயரையும் அந்நூல் கனிவுடன் பேசுகிறது. இரப்பதைக் குற்றமாகக் காணும் கண்ணுக்கு இந்த நாணம் புலப்படாது.

இருப்பினும், போற்றுதலோடு நம் வாசிப்பு முடிந்துவிடலாகாது. 1872இல் அவர் எழுப்பிய ஞானசபைக்குள் கொலையையும் புலாலையும் நீக்கியவர்க்கு மட்டுமே அனுமதி. புலால் உண்போரை அவர் புறவினத்தார் என வகைப்படுத்தினார். அவர்களுக்குப் பசி நீக்குவதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. உணவைக் கொண்டே ஒரு மக்களை இழிந்தவராக வகுத்த சமூகத்தில், புலால் என்ற அளவுகோல் எவர்மீது விழும் என்பதை நாம் அறிவோம். சாதியைக் கடுமையாகச் சாடிய அவரிடமே அடுப்பு எல்லோருக்கும் திறந்திருந்தது, வாசல் சிலருக்கு அடைத்திருந்தது. மற்றொன்றும் உண்டு. நிலம் வழங்கியோர் நிலம் உடையோர். நிலமே மறுக்கப்பட்டவர் அந்த அறத்தில் பெறுவோராக மட்டுமே இடம்பெற முடியும்.

1874 சனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் சென்று தாளிட்டுக்கொண்ட அவரை அதன்பின் எவரும் கண்டிலர். இரண்டே ஆண்டுகளில் தாதுவருடப் பஞ்சம் தொடங்கியது. ஆங்கிலேய அரசு பசித்தவரைத் தொலைவிலுள்ள முகாம்களுக்கு நடக்கவைத்து, கடும் உழைப்பு வாங்கி, அதன்பின்பே கூலி தந்தது. ரிச்சர்டு டெம்பிள் 1877இல் அக்கூலியையும் நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானிய அளவுக்குக் குறைத்தார். மடிந்தோரில் நிலமற்ற கூலிகள் மிகுதி. உதவிக்குத் தகுதியானவரா என்று முதலில் சோதிப்பது அரசின் முறை. முதலில் சோறு என்பது வடலூரின் முறை.

அந்தச் சோதனை மனப்பான்மையே 1945ஆம் ஆண்டின் பிச்சைத் தடுப்புச் சட்டமாக நம் மாநிலத்தில் நீடித்தது. இரப்பவரைக் கைது செய்து காவலில் வைக்க அது வழிசெய்தது. பம்பாய்ச் சட்டத்தின் இத்தகைய பிரிவுகள் தலைநகரில் செல்லாவென்று தில்லி உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. தெருக்களிலிருந்து இரப்போரை அகற்ற ஆணையிட உச்ச நீதிமன்றமும் 2021இல் மறுத்தது. ஒரு லட்சம் நகர மக்களுக்கு ஓர் இரவு உறைவிடம் என்பது 2010இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவு. 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் நகரின் மக்கள்தொகை 50,000ஐ எட்டவில்லை. அரியலூர் 30,000ஐ எட்டவில்லை. இத்தகைய சிறு நகரங்கள் அந்தக் கணக்கிலிருந்து எளிதில் நழுவிவிடும்.

பெரம்பலூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அவர்களுள் பலருக்கு மனைப்பட்டா என்பது இன்றும் மனுவாகவே கைகளில் இருக்கிறது. பட்டா இல்லாத குடிசைக்கும் பேருந்து நிலையத் தரைக்கும் இடையே ஒரு நோயோ ஒரு கடனோதான் தொலைவு. ஆகவே, வள்ளலார் பெயரால் சோறிடும் அன்பர்களை நாம் வணங்குகிறோம். அவர்கள் அத்தோடு நின்றுவிடாமல் மனைப்பட்டாவுக்கும் இரவு உறைவிடத்துக்கும் எம்மோடு குரல் கொடுக்க வேண்டுகிறோம். கேள்வி கேட்காமல் சோறிடுவது அவர் தொடங்கிவைத்த பணி. பசித்தவரை வாசலுக்கு உள்ளே அமரவைப்பது அவர் நமக்கு விட்டுச்சென்ற பணி.