நிறம் பிரித்த தாவரவியலாளர்

அவலூர்பேட்டை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல்லும் மணிலாவும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. அவற்றின் எடையும் விலையும் அங்கேயே தெரிந்துவிடும். விளைந்த நிலத்தின் கிணற்று நீரில் களைக்கொல்லி எச்சமும் நைட்ரேட்டும் எவ்வளவு என்பது மட்டும் கண்ணுக்குப் புலப்படாது. அதைப் புலப்படுத்தும் வழிக்கு அடிகோலிய மிகைல் ஸ்வெட்டை நாம் அதிகம் நினைப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

ஸ்வெட் 1872-இல் இத்தாலியின் அஸ்தி நகரில் ரஷியத் தந்தைக்குப் பிறந்தார். பிறந்த சில நாள்களிலேயே தாயை இழந்தார். சுவிட்சர்லாந்தில் வளர்ந்து, 1896-இல் ஜெனீவாவில் முனைவர் பட்டம் பெற்றார். ரஷியாவில் அப்பட்டம் செல்லுபடியாகவில்லை. மனம் தளராமல் மீண்டும் பட்டத்துக்கு உழைத்தார்.

பின்னர் வார்சாவில் பணியாற்றியபோது, கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, இலைச்சாற்றை ஊற்றி, கரைப்பானை வடியவிட்டார். தூளை இறுகப் பற்றிய பொருள் பின்தங்கியது. தளரப் பற்றியது முந்தியது. பச்சையும் மஞ்சளும் தனித்தனி வளையங்களாகப் பிரிந்தன. 1903-இல் இதை அறிஞர் அவையில் விளக்கிய அவர், 1906-இல் வண்ணப்பிரிகை என்று பெயரிட்டார். ரஷிய மொழியில் ஸ்வெட் என்றாலே நிறம்தான்.

புகழ்பெற்ற வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர் இம்முறையை ஐயுற்றார். தாவர நிறமி ஆய்வுக்காக 1915-இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு, போரினால் வார்சாவை விட்டு வெளியேறிய ஸ்வெட், இடம் மாறி இடம் மாறி, 1919-இல் வரோனெஷ் நகரில் 47 வயதில் மறைந்தார்.

1931-இல் ஹைடல்பெர்க்கில் ரிச்சர்ட் கூன் குழுவினர் இம்முறைக்கு மறுவாழ்வு அளித்தனர். இதன் வளர்ச்சிக்காக 1952-இல் மார்ட்டின், சிங் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். இன்று கரைப்பானை உயர் அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். கரும்பிலும் மக்காச்சோளத்திலும் தெளிக்கும் நிறமற்ற அட்ரசினைப் புறஊதா ஒளி காட்டிக்கொடுக்கிறது. நைட்ரேட், குளோரைடு போன்ற அயனிகளை அயனிமாற்றப் பிசின் பிரிக்க, மின்கடத்துதிறன் அளந்து சொல்கிறது.

குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாது என்கிறது இந்தியத் தரநிர்ணயம். அளந்து பார்க்காத கிணற்றுக்கு அந்த வரம்பால் என்ன பயன்? மண் பரிசோதனையைப்போல இந்தச் சோதனையும் உழவரின் கைக்கெட்டும் செலவில் வட்டந்தோறும் கிடைக்க வேண்டும். அதுவே ஸ்வெட்டுக்கு நாம் செலுத்தும் தக்க மரியாதை.