டீசலின் துளைமுனை

சென்ற மாதம் நண்பரொருவர், லொறியிற் கழற்றிய பழைய இன்ஜெக்டர் ஒன்றை என்னிடம் கொணர்ந்தார். இரசாயனம் கற்பிப்பவன் என்பதனால், அதன் முனையை மூடியிருந்த கரிய படிவு யாதென வினவினார். விடை தேடப் புகுந்த நான் றுடோல்ப் டீசலின் வாழ்வில் ஆழ்ந்துவிட்டேன்.

அவர் 1858இல் பாரிஸ் நகரிற் பிறந்தவர், பெற்றோர் ஜேர்மானியர். 1870இல் மூண்ட போர் அக்குடும்பத்தை இலண்டனுக்குத் துரத்திற்று. பன்னிரண்டு வயதுச் சிறுவன் தனியே ஆக்ஸ்பேர்க் உறவினரிடம் அனுப்பப்பட்டான். பின்னர் மியூனிச்சில் லிண்டே என்ற பேராசிரியரிடம் பயில்கையில், நீராவி எஞ்சின் வெப்பத்தின் பெரும்பகுதியை வீணாக்குகிறது என்ற செய்தி அவர் நெஞ்சைத் தைத்தது. காற்றை மிக அழுத்தினால் அச்சூட்டிலேயே எரிபொருள் தானாகப் பற்றும் என்பது அவர் கண்ட வழி.

எண்ணம் எளிது, அழுத்திய காற்றினுள் எரிபொருளைப் புகுத்துவதன்றோ அரிது! 1893 ஆகஸ்டில் நிகழ்ந்த முதற் சோதனையில் அளவுகருவி வெடித்துச் சிதறியது. எரிபொருளைத் தெளிப்பதற்கென்றே ஒரு காற்றமுக்கி வேண்டியிருந்தது. 1897இல் வெப்பத்தின் 26.2 வீதம் வேலையாக மாறுவதைப் பேராசிரியர் ஷ்ரோட்டர் அளந்து காட்டினார். புகழும் செல்வமும் வந்தன. ஆனால் விற்ற எஞ்சின்கள் பல பழுதுற்றன; வழக்குகள் தொடர்ந்தன; நிலவாணிபம் பொருளை விழுங்கிற்று. நிலக்கரித் தூளை எரிக்கும் ஆசையும் கைகூடவில்லை. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடிற்று. அத்தகைய எண்ணெய் நாளடைவில் முனையிற் கரியாகப் படியும் என்பதைப் பிற்காலத்தவரே நன்குணர்ந்தனர்.

1913 செப்டெம்பர் 29 இரவு, இங்கிலாந்து நோக்கிச் சென்ற 'டிரெஸ்டன்' கப்பலில் தம் அறைக்குச் சென்றவரை மறுநாட் காலை காணவில்லை. சில நாட்களின்பின் ஒல்லாந்தப் படகினர் கடலில் ஓர் உடலைக் கண்டு, உடையிலிருந்த பொருட்களை மட்டும் எடுத்துவந்தனர். அவை தந்தையுடையவை என மகன் அடையாளங் கண்டார். கொலையென்பாரும் உளர், கடன்சுமையை நோக்க, தற்கொலை என்றே நான் கருதுகிறேன்.

காற்றமுக்கியைத் தவிர்த்த பொஷ் பம்பி 1927இல் வந்தது. பின்னர் துளைகள் நுண்ணியனவாக ஆக, படிவின் தீங்கும் மிகுந்தது. இன்று ஆய்வாளர் அகச்சிவப்புக் கதிரையும் இலத்திரன் நுணுக்குக்காட்டியையும் கொண்டு அதனை ஆராய்கின்றனர். முனையில் கரியோடு நாகமும், உள்ளூசியில் சோடியச் சவர்க்காரமும் காணப்படுவதுண்டு. அமிலங்களோடு சோடியம் கூடிய அச்சவர்க்காரம் டீசலிற் கரையாது; ஊசியை இறுகப் பற்றிக்கொள்ளும்.

எங்கள் பாடசாலையில் அவ்வசதி ஏது? படிவைச் சுரண்டி எரித்தேன். சிறிது சாம்பல் எஞ்சியது. அதைச் சுவாலையிற் பிடிக்க, சோடியத்தின் மஞ்சள் தோன்றிற்று. விரலிற் பட்ட உப்பும் அந்நிறம் தருமாதலால், நண்பருக்கு இன்னும் திடமாக ஒன்றும் கூறவில்லை.